மழையா, மலையா?

என் கணவருக்கு ஒரே ஒரு காதல் பாட்டுக்குத்தான் கண் கலங்கும். கல்யாண வீட்டில் நாதஸ்வரம் உருகிக்கொண்டிருக்கும்போதுகூட, பந்தியில் அடுத்த வரிசைக்கு இலை போட்டுவிட்டார்களா என்று எட்டிப் பார்க்கிற மனுஷர் அவர். ஆனால் அந்தப் பாட்டு பதுளை பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையிலோ பக்கத்து வீட்டு ரேடியோவிலோ கேட்டுவிட்டால் போதும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். கண்ணாடியில் தூசி ஒன்றும் இருக்காது.

பதினாறு வருடமாக அந்தக் கண்ணீருக்குச் சொந்தக்காரி நான்தான் என்று நம்பியிருந்தேன்.

நம்புவதற்குக் காரணமும் இருந்தது. நான் பதுளையில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து தமிழ் ஆசிரியராக முதல் நியமனம் பெற்று இங்கே வந்தவர். அவருடைய கோப்பில் ஒரு கடிதம் குறைவாக இருந்ததால் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். மேசைக்கு முன்னால் நின்று தன் பெயரைச் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில் சட்டைப் பையிலிருந்து அவருடைய போன் அந்தப் பாட்டைப் பாடியது. காதலன் பிரிந்து போகும்போது காதலி பாடும் பழைய சினிமாப் பாட்டு. அவர் போனை எடுத்தார், தவறவிட்டார், குனிந்து எடுத்தார், அதற்குள் பல்லவி முடிந்து சரணம் வந்துவிட்டது. நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. நான் சிரித்தேன்.

இரண்டாவது தடவை வந்தபோதும் அதே பாட்டு, அதே சிவப்பு. மூன்றாவது தடவை அது பாடியபோது நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த மனுஷனுக்கு வாயால் சொல்லத் தைரியம் இல்லை, போனை விட்டுச் சொல்ல வைக்கிறான். குறைந்த கடிதம் முதல் நாளே கிடைத்துவிட்டது என்பதையும், மற்ற இரண்டு தடவையும் அவரை வரவழைத்தது நான்தான் என்பதையும் இதுவரை அவரிடம் சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு அதை 'எங்கள் பாட்டு' என்றே சொல்லிவந்தேன். அலுவலகத்தில் என்னோடு வேலை செய்யும் பெண்களிடம் சொன்னேன். என் அக்காவிடம் பலமுறை சொன்னேன். அவரிடம் மட்டும் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அவரிடமே எதற்குச் சொல்வது என்று இருந்துவிட்டேன்.

அக்கா ஹல்துமுல்லைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறாள். அங்கேதான் கொழுந்தெடுக்கிறாள். அவள் கணவரை நான் மாமா என்று கூப்பிடுவேன். தோட்டத்துத் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். அதிகம் பேசாதவர், பேசினால் எதிரில் இருப்பவர் சிரித்துவிடுவார். போன வருடம் அவர்களுடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. சேலை எடுக்க இருவரும் பதுளைக்கு வந்தார்கள். பஜாரில் ஏறாத கடை இல்லை. கடைசியில் முதல் கடையில் முதலில் காட்டிய சேலையையே எடுத்துக்கொண்டு, அவர்களைக் கொண்டுபோய் விட வேன் ஒன்று பிடித்து நாங்களும் கூடப் போனோம்.

மாமா சேலைப் பெட்டிகளை மடியில் வைத்துக்கொண்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நடுவில் நானும் அக்காவும். பின்னால் கல்யாணத்துக்கு வாங்கிய பாத்திரப் பண்டங்களுக்கு இடையில் என் கணவர். பண்டாரவளை தாண்டியதும் மூடுபனி இறங்கியது. அப்புத்தளையை நெருங்கும்போது, டிரைவர் போட்டிருந்த பாட்டுகளில் அந்தப் பாட்டு வந்தது.

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றியிருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அக்காவின் விலாவில் இடித்தேன்.

"பாத்தியா, ஆரம்பிச்சிட்டாரு."

அக்கா திரும்பவில்லை. ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு பாட்டோடு சேர்ந்து பாடிக்கொண்டிருந்தாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது. சரணத்தில் எல்லோருக்கும் பிடித்த வரி ஒன்று வரும். அதை அக்கா வாய்விட்டே பாடினாள்.

"மலையிடம் சொல்லிப் போ... அது என்னிடம் சொல்லும்..."

"மழை," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அக்கா பாடுவதை நிறுத்தினாள். "என்னங்க மாஸ்டர்?"

எங்கள் வீட்டில் எல்லோரும் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் வகுப்பில் இருப்பதாகவே எப்போதும் நினைத்துக்கொள்வார்.

"மலை இல்லை அக்கா, மழை. மழையிடம் சொல்லிப் போ. ழகரம். பாடினவர் வடிவா உச்சரிக்கேல்லை, அதுதான் பிழையா விளங்குது."

"இல்லையே. மலைதானே?"

"மலை எப்பிடி அக்கா போய்ச் சொல்லும்? அது ஒரு இடத்திலை நிக்கிற பொருள். மழை எண்டால் அவன் இருக்கிற ஊரிலையிருந்து அவள் இருக்கிற ஊருக்குப் போகும். செய்தியைக் கொண்டுபோகும். அதுதான் கற்பனை. விளங்குதே?"

அக்கா ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். பிறகு சொன்னாள்: "மழை இன்னைக்கு இங்க பெய்யும், நாளைக்கு மொனராகலைப் பக்கம் போயிரும். அதுகிட்ட ஒரு வார்த்தைய நம்பிச் சொல்ல முடியுமாங்க? மலைதான் போன எடத்துலயும் வந்த எடத்துலயும் அப்படியே நிக்கும்."

டிரைவர் சிரித்துவிட்டான். மாமா சேலைப் பெட்டிமேல் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார், அல்லது தூங்குவதுபோல் இருந்தார். நான் என் கணவரைப் பார்த்து, போதும் என்று கண்ணைக் காட்டினேன். வகுப்பில் பிள்ளை ஒரு பிழையை ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுகிற ஆசிரியரா அவர்? போனில் தேடி, பாட்டின் வரிகள் எழுதியிருந்த பக்கத்தை எடுத்து, எங்கள் தோளுக்கு நடுவே நீட்டினார்.

"இஞ்ச பாருங்கோ. எழுத்திலேயே இருக்கு."

அக்கா எழுத்துக்கூட்டிப் படித்தாள். ம, ழை. இரண்டாம் தடவை விரலை வைத்துப் படித்தாள். "ஆமாங்க, மழைதான்," என்றாள். பிறகு பெரகலைச் சந்தி வந்தது, ஹல்துமுல்லை வந்தது, தோட்டத்துப் பாதை வந்தது. அக்கா மறுபடி பாடவில்லை. இறங்கும்போது தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள் என்று மட்டும் சொன்னாள்.

வேன் திரும்பி வரும்போது என் கணவர் திருப்தியோடு இருந்தார். ஒரு பிழையைத் திருத்திவிட்ட நாளில் அவருக்கு நல்ல பசி எடுக்கும். அப்புத்தளையில் இறங்கி இரண்டு ரொட்டி சாப்பிட்டார்.

ஒரு வாரம் கழித்து மாமா எனக்குப் போன் செய்தார். அவர் தானாகப் போன் செய்வது அபூர்வம். யாருக்கோ உடம்பு சரியில்லை என்று பயந்துபோனேன்.

"உங்க அக்கா பாட்டுப் போடுறதையே விட்டுட்டாம்மா," என்றார். "சமைக்கிறப்ப அந்தப் போன அடுப்புக்குப் பக்கத்துல வச்சி அந்தப் பாட்டத்தான் போடுவா. இப்ப வீடு சத்தமே இல்லாம கெடக்கு. கல்யாண வீடு மாதிரியா இருக்கு? மாஸ்டர்கிட்ட ஒண்ணும் சொல்லாத. ஆனா அவருக்குத் தெரியிற மாதிரி சொல்லு."

"ஒரு எழுத்துக்கு இவ்வளவு கோவமா மாமா?"

"கோவம் இல்லம்மா. உனக்கு அந்தக் கதை தெரியாதா?"

எனக்குத் தெரியாது. அக்கா நான்கு வருடம் குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தது தெரியும். மகளுக்கு அப்போது ஆறு வயது. பதுளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுச் சாயந்தரம் வந்துவிடுவேன் என்று பிள்ளையிடம் பொய் சொல்லிவிட்டுப் போனாள் என்பதும் தெரியும். மாமா சொன்னதெல்லாம் அதற்குப் பிறகு நடந்தது.

பொய் சொல்லிப் போனதால் பிள்ளை அம்மாவோடு பேச மாட்டேன் என்று அடம்பிடித்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைகளில் அக்கா போன் எடுப்பாள். மாமா போனைப் பிள்ளையின் காதில் வைப்பார். பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடிவிடுவாள். மூன்று மாதம் இப்படியே போயிருக்கிறது. அக்கா வேலை செய்த வீட்டுக்கு வந்துபோகும் தமிழ் டிரைவர் ஒருவரின் வண்டியில் அந்தப் பாட்டு ஓயாமல் ஓடும். சமையலறை ஜன்னல் வழியாக அதைக் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. ஒரு வெள்ளிக்கிழமை போனில் அழுதுகொண்டே மாமாவிடம் சொன்னாளாம்: "எங்கிட்ட பேசாட்டியும் பரவாயில்ல. மலைகிட்டயாவது சொல்லச் சொல்லுங்க. அது எனக்குச் சொல்லும்."

மாமா அதைப் பிள்ளையிடம் அப்படியே சொன்னார். பிள்ளை அதை நம்பினாள். அன்றிலிருந்து லயத்து வீட்டு வாசலில் நின்று எதிரே தெரியும் மலையைப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். பல் விழுந்தது, டீச்சர் அடித்தது, அப்பா வைத்த பருப்பில் உப்பு இல்லாதது எல்லாம் மலைக்குப் போனது. மாமா வீட்டுக்குள் கதவுக்குப் பின்னால் நின்று ஒன்று விடாமல் கேட்டு, வெள்ளிக்கிழமை அக்காவிடம் ஒப்பிப்பார்.

"மலை எப்படிப் போய்ச் சொல்லும்னு மாஸ்டர் வேன்ல கேட்டாருல்ல," என்றார் மாமா. "நான் முழிச்சிக்கிட்டுத்தான் இருந்தேன். நான்தாம்மா சொன்னேன். பருப்புல உப்பு இல்லங்கிறத மட்டும் சொல்லல."

அழுகையை மறைக்க, "அப்ப அந்தப் பாட்டக் கேட்டா உங்களுக்கும் அழுகை வருமா மாமா?" என்று கேட்டேன்.

"எனக்குப் பசிதாம்மா வரும். வெள்ளிக்கெழம போன் வர்ற வரைக்கும் சாப்பிட மாட்டேன். போன் வச்ச ஒடனே சாப்புடுவேன். வகுறு இன்னும் அத மறக்கல."

அன்றைக்கு என் கணவர் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், சப்பாத்தைக் கழற்றுவதற்கு முன்பே தொடங்கிவிட்டேன். மாமா சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே கேட்டார். முகம் சுருங்கிப்போனது.

"எனக்கு உது ஒண்டும் தெரியாதே," என்றார்.

"தெரியாட்டி சும்மா இருந்திருக்கலாமே. ஒரு பாட்டு ஒருத்தருக்கு எப்படி ஒட்டிக்கிதுனு உங்களுக்குத் தெரியாதா? நம்ம பாட்டுதானே அது. அதக் கேட்டா நீங்களே எப்படி ஆயிடுறீங்க!"

"நம்ம பாட்டோ?"

அவர் கேட்ட விதத்தில் நடிப்பு இல்லை. உண்மையான சந்தேகம் இருந்தது.

"ஆமா. நம்ம பாட்டு. நீங்க ஆபீசுக்கு வந்தப்ப மூணு தரமும் போன்ல அடிச்சதே, அந்தப் பாட்டு."

"ஓ, அதுவோ," என்றார். பிறகு சப்பாத்தைக் கீழே வைத்தார். "அது அவன் போட்டுவிட்டது."

"எவன்?"

அவன் என்பது ஒரு சிங்கள ஆசிரியர், மொனராகலைக்காரர். பதுளைக்கு வந்த முதல் வருடம் என் கணவரும் அவரும் வாடகை அறை ஒன்றில் சேர்ந்து இருந்திருக்கிறார்கள். இவருக்குச் சிங்களம் அரைகுறை. அவருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் அந்தப் பாட்டில் அவருக்கு அப்படியொரு பைத்தியம். காலையில் பல் தீட்டும்போது ஒரு தடவை, சோறு வடிக்கும்போது ஒரு தடவை கேட்பார். இதில் என்னதான் சொல்கிறார்கள், சொல்லு, சொல்லு என்று இவரைப் பிடுங்கி எடுத்திருக்கிறார். இவரும் அகராதியை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்து பாட்டு முழுவதையும் சிங்களத்தில் எழுதிக் கொடுத்தார். அந்த மனுஷர் அதை அப்படியே காகிதத்தில் பிரதி எடுத்து, தன் சொந்தக் கவிதை என்று சொல்லி, ஊரில் தான் விரும்பிய பெண்ணுக்கு அனுப்பிவிட்டார்.

"அவள் என்ன எழுதினாள் தெரியுமே?" என்றார் என் கணவர். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. "'எங்கட ஊரிலை மாசக்கணக்கா மழை இல்லை. நேரிலை வந்து கேளும்' எண்டு எழுதினாள். அவன் அடுத்த பஸ்ஸிலேயே போனான். கலியாணம் முடிச்சு அங்கேயே மாற்றலும் எடுத்திட்டான்."

சிரிப்பு நின்றது. "அவன் போற அண்டைக்கு பஸ் நிலையம் வரைக்கும் பெட்டி தூக்கிக்கொண்டு போனன். திரும்பி வந்தால் அறையிலை ஒரு சத்தமும் இல்லை. பதுளையிலை எனக்கு வேற ஒருத்தரையும் தெரியாது. அதுதான்..." என்று கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்ப போன்ல அந்தப் பாட்டு?"

"போறதுக்கு முதல் அவன்தான் போட்டுவிட்டான். அதை எப்பிடி மாத்திறது எண்டு எனக்குத் தெரியேல்லை. உங்கட ஒப்பீசிலை அது அடிச்சு மானம் போச்சு."

நான் கதிரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சிவப்பு வெட்கம்தான், காதல் இல்லை. பதினாறு வருடமாக நான் அலுவலகத்தில் பெருமையடித்த கண்ணீர் மொனராகலைக்கு பஸ் ஏறிப்போன ஓர் ஆண்பிள்ளைக்காக வந்தது.

"பிறகு எதுக்கு என்னக் கட்டுனீங்க?"

"போன் அடிக்க அடிக்க நீர் சிரிச்சீர். என்னிலை விருப்பம் போலை எண்டு நினைச்சன்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஏன், இல்லையோ?" என்றார்.

நான் எழுந்து குசினிக்குள் போய்விட்டேன். மூன்று நாள் பேசவில்லை. உண்மையில் இரண்டு நாள்தான். மூன்றாம் நாள் சிரிப்பு வந்துவிடுமோ என்ற பயத்தில் பேசவில்லை.

நான்காம் நாள் அவரைப் பிடித்து, அந்த நண்பருக்குப் போன் எடுக்க வைத்தேன். இவ்வளவு வருடம் கண்ணாடி துடைத்த ஆள் ஒரு தடவையாவது பேச வேண்டாமா? பள்ளிக்கூடத்தில் யார் யாரையோ கேட்டு நம்பர் வாங்கினார். நண்பர் மொனராகலையில் ஒரு பாடசாலைக்கு அதிபராகிவிட்டார். குரல் கேட்டதும் அங்கே ஒரே ஆரவாரம். போன் காதில் இருந்தும் எனக்குக் கேட்டது. பதினைந்து நிமிடம் சிங்களத்தில் கதைத்தார்கள். என் கணவரின் சிங்களம் அன்றைக்கு மாதிரி ஓடி நான் பார்த்ததில்லை. கடைசியில் அந்தப் பாட்டைப் பற்றி ஏதோ கேட்டார். போனை வைத்ததும் என்னைப் பார்த்தார்.

"அவனுக்கு அந்தப் பாட்டு ஞாபகமே இல்லை."

"ஐயோ!"

"என்ர அம்மா அனுப்பின ஊறுகாயைத்தான் கேக்கிறான். இப்பவும் கிடைக்குமோ எண்டு."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் சிரிப்பை நிறுத்த முடியவில்லை. அவரும் கடைசியில் சேர்ந்துகொண்டார்.

கல்யாணம் ஹல்துமுல்லையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தாலி கட்டி முடிந்து பந்தி தொடங்கியபோது இசைக்குழுவும் பாடத் தொடங்கியது. பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த நான்கு பேர். பாடகருக்கு நாற்பது வயது இருக்கும், கோட்டுப் போட்டிருந்தார். என் கணவர் அன்று வாசலில் சந்தனம், கற்கண்டுத் தட்டோடு நின்றார். கொஞ்ச நேரத்தில் பார்த்தால் வாசலில் தட்டு மட்டும் இருக்கிறது, மனுஷரைக் காணோம். மேடைக்குப் பக்கத்தில் பாடகரின் காதோடு ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நானும் மெதுவாகப் போய்த் தூணுக்கு இந்தப் பக்கம் நின்றேன்.

"அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியுங்க சேர். எல்லாக் கல்யாணத்துலயும் பாடுறதுதான்."

"அதிலை சரணத்திலை..." என் கணவர் தொண்டையைச் செருமினார். சுற்றுமுற்றும் பார்த்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்திருப்பார். "சரணத்திலை, மலையிடம் சொல்லிப் போ எண்டு பாட வேணும். மலை. சின்ன லை."

பாடகர் குழம்பிப்போனார். "நான் எப்பவும் அப்படித்தாங்க சேர் பாடுறேன். அதுல வேற என்ன இருக்கு?"

என் கணவரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினேழு வருடம் ழகரம் கற்பித்த மனுஷர் வாயைத் திறந்தார், மூடினார், "ஒண்டும் இல்லை, அப்பிடியே பாடுங்கோ," என்று சொல்லிவிட்டுத் தட்டைத் தேடிக்கொண்டு போனார்.

பாட்டு தொடங்கியபோது அக்கா பந்தியில் பாயாசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். பல்லவிக்கு அவள் கை நிற்கவில்லை. சரணம் வந்தது. பாடகர் மலையை மலையாகவே, ஒலிபெருக்கி அதிரப் பாடினார். அக்கா கரண்டியை வாளிக்குள் போட்டுவிட்டு நிமிர்ந்தாள். இலைக்கு முன்னால் காத்திருந்தவர் "அக்கா, பாயாசம்" என்று கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. மண்டபத்தின் அந்தப் பக்கம், சாம்பார் வாளியோடு மாமா நின்றார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மாமா வயிற்றைத் தடவிக் காட்டினார். அக்கா சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், மறுபடி பாயாசம் ஊற்றப் போனாள்.

பந்தி ஓய்ந்த பிறகு அக்கா நேராக என் கணவரிடம் வந்தாள். அவர் எழுந்து நின்றார்.

"நீங்கதானே பாடச் சொன்னீங்க மாஸ்டர்?"

"ஓம் அக்கா. அண்டைக்கு நான் சொன்னது பிழை. மலைதான் சரி."

"பொய் சொல்லாதீங்க. வாத்தியாருக்கு அது நல்லாவா இருக்கு?" என்றாள் அக்கா. "நீங்க சொன்ன அன்னைக்கே வீட்டுக்குப் போயி பத்துத் தரம் போட்டுக் கேட்டேன். மழைதான். நல்லாத் தெரியுது. அவ்வளவு வருசம் என் காதுல எப்படி விழுந்துச்சுன்னுதான் யோசிச்சேன். வெக்கமா இருந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல."

"வெக்கப்பட என்ன இருக்கு அக்கா? கேக்கிற ஆளுக்கு என்ன தேவையோ அது கேக்கும். எனக்கு..." என்று தொடங்கி, என்னைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

"உங்களுக்கு என்ன கேக்கும்?" என்றாள் அக்கா ஆவலாக. "இவ சொல்லியிருக்கா. ஆபீசுல மூணு தரம்..."

"ஊறுகாய்," என்றேன் நான்.

அக்காவுக்கு விளங்கவில்லை. பிறகு சொல்கிறேன் என்று கையைக் காட்டினேன். மணமகள் எங்களைப் போட்டோவுக்குக் கூப்பிட்டாள். மேடையில் அவள் பக்கத்தில் நின்றபோது, மலையோடு பேசியது நினைவிருக்கிறதா என்று காதில் கேட்டேன். "நானா? எந்த மலை சித்தி?" என்றாள். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னார், சிரித்தோம்.

அடுத்த நாள் பஸ்ஸில் பதுளைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம். அக்காவுக்குப் பிள்ளை, மாமாவுக்குச் சாப்பாடு, இவருக்குச் சிநேகிதன். பாட்டில் இருக்கிற காதலனையும் காதலியையும் ஒருவரும் சீந்தவில்லை. நான் ஒருத்திதான் அதைக் காதல் பாட்டாகவே கேட்டவள். கடைசியில் எனக்கு மட்டும்தான் அதில் ஒன்றும் இல்லாமல் போயிருந்தது. தெமோதரை வந்தபோது பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"அப்ப எந்தப் பாட்டக் கேட்டா என் ஞாபகம் வரும் உங்களுக்கு?"

அவர் யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார். ஹாலிஎல வந்துவிட்டது. இவ்வளவு யோசனை தேவைப்படும் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது என்று நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"பாண் ஓட்டோ," என்றார்.

"என்னது?"

"காலமை பேக்கரிப் பாண் கொண்டுவாற ஓட்டோ ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு வருமே. அது."

நான் அவரை முறைத்தேன். அவர் முகம் வகுப்பில் பாடம் சொல்லும்போது இருப்பதுபோல் இருந்தது. விளையாட்டாகச் சொல்லவில்லை.

"முதல் முதல் வாடகை வீட்டிலை இருக்கேக்கை, அந்தச் சத்தம் கேட்டதும் நீர் தலையிலை எண்ணெயோடை, ஒரு கால் செருப்போடை ஓடுவீர். அந்த ஆளோடை மீன் வைச்ச மாலு பாண் சூடில்லை எண்டு சண்டை பிடிப்பீர். நான் ஜன்னலாலை பார்த்துக்கொண்டு நிப்பன். இப்ப பள்ளிக்கூடத்திலை முதல் பாட நேரம் அந்த ஓட்டோ ரோட்டாலை போகும். போகேக்கை ஒரு நிமிஷம் எனக்குப் பாடம் நடத்த ஏலாது. பிள்ளையளுக்கும் தெரியும். 'சேர், பாண் போகுது' எண்டு சிரிப்பினம்."

பஸ்ஸில் பக்கத்து ஆசனத்துப் பெண் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். இந்த வயதில் எனக்கு முகம் சூடானது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றி, "ஒரு கால் செருப்போட நான் ஓடுனதே இல்ல," என்றேன்.

"ஓடியிருக்கிறீர்," என்றார் அவர். "வெள்ளிச் செருப்பு. இடது கால்."

மறுநாள் காலை ஆறரைக்கு எங்கள் ஒழுங்கையில் பாண் ஆட்டோ அந்த மெட்டைப் போட்டுக்கொண்டு வந்தது. நான் வழக்கம்போல எழுந்து கதவு வரை போனேன். குசினி வாசலில் அவர் தேத்தண்ணிக் கோப்பையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கதவைத் திறக்க வெட்கமாக இருந்தது. பையை அவர் கையில் கொடுத்து, நீங்களே போய் வாங்கி வாருங்கள் என்று தள்ளிவிட்டேன். ஆறிப்போன மாலு பாண் நான்கை, ஒரு வார்த்தை சண்டை பிடிக்காமல் வாங்கிக்கொண்டு வந்தார்.